புது வேடர் நனையுது, லைன் போகல, பூட்ஸ் வழுக்குது: எந்தக் கோளாறுக்கு எங்க பாக்கணும்

வேடர்னதும் வில் அம்போட கெளம்புறவர்னு நினைச்சுடாதீங்க, இது நெஞ்சு வரைக்கும் வர்ற, பாதத்தோட சேத்தே ஒட்டின, தண்ணி புகாத பேன்ட். ஆத்துக்குள்ள இறங்கி நின்னு ஃப்ளை ஃபிஷிங் பண்றவங்க, அதாவது பூச்சி மாதிரி கட்டின தூண்டிமுள்ளை (அதுதான் ஃப்ளை) வீசி மீன் பிடிக்கறவங்க போட்டுக்கறது. புதுசா வேடர், பூட்ஸ், ராட் (தூண்டில் கம்பு), ரீல் (லைனைச் சுத்தி வெக்கற சக்கரம்), லைன் (தூண்டில் கயிறு)னு ஒரு மூட்டையே வாங்கிட்டு, எல்லாத்தையும் ஒரே நாள்ல, அதுவும் மாசக்கணக்கா காத்துக்கிட்டிருந்த ட்ரிப் அன்னிக்குக் காலையில முதல் தடவையா மாட்டிக்கிட்டு தண்ணில இறங்குவோம் பாருங்க, அங்கதான் தொல்லை ஆரம்பம். நானும் அப்படித்தான் இறங்கினேன். கால் நனைஞ்சுது, லைன் பத்தடி தாண்டல, ஒரு பாறையில வழுக்கி உக்காந்தேன், எது எதனால ஆச்சுன்னு ஒண்ணும் புரியாம சாயங்காலம் வரைக்கும் வாங்கின கடையையே திட்டிக்கிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா பொருள் மேல இருந்த தப்பை விட நான் மாட்டின விதத்துல இருந்த தப்புதான் ஜாஸ்தி.

அதனால உங்களுக்கு என்ன கோளாறு தெரியுதோ அந்த இடத்துக்கு நேரா போய்ப் படிங்க. ஒண்ணே ஒண்ணு, ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. லைனையும் லீடரையும் (லைன் முனையில கட்டற மெல்லிசு நூல்) சேத்து மாத்திட்டு "இப்ப நல்லா போகுது"ன்னா எதனால சரியாச்சுன்னு உங்களுக்கே தெரியாது.

கால் உள்ள ஈரமா இருக்கு

வேடர் ஓட்டைன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஈரம் எங்க இருக்குன்னு பாருங்க. ரெண்டு காலும் ஒரே மாதிரி பிசுபிசுன்னு இருக்கு, தொடை, முழங்காலுக்குப் பின்பக்கம், இடுப்பு பெல்ட் இருக்கற இடம் எல்லாம் நசநசன்னு இருக்குன்னா அது பெரும்பாலும் வேர்வை. ஒரு காலு மட்டும், ஒரே இடத்துல, ஜில்லுன்னு, நேரம் ஆக ஆக கீழ பாதத்துல தண்ணி சேருதுன்னா அது ஓட்டை.

"மூச்சு விடற துணின்னு சொல்லித்தானே வித்தாங்க, அப்புறம் எப்படி வேர்க்கும்"னு கேப்பீங்க. அந்தத் துணிக்கு நடுவுல ஒரு மெல்லிசு சவ்வு இருக்கு, நீராவியை வெளிய விடும், தண்ணித் துளியை உள்ள விடாது. ஆனா உள்ள சூடும் ஈரமும் வெளிய விட அதிகமா இருந்தாத்தான் ஆவி வெளிய தள்ளப்படும், அதுவும் மெதுவாத்தான். நீங்க வெயில்ல அரை மணி நேரம் வேடரை நெஞ்சு வரைக்கும் இழுத்து மாட்டிக்கிட்டு நடந்துட்டு நேரா குளிர்ந்த தண்ணில இறங்கினா, உள்ள இருக்கற ஆவி எல்லாம் துணியோட உள்பக்கத்துலயே தண்ணியா மாறிடும், ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளிய துளி நிக்கற மாதிரி. நியோப்ரீன் (தடிமனான ரப்பர் நுரை) வேடர்னா கேக்கவே வேணாம், அது மூச்சே விடாது, கடுங்குளிருக்குன்னு வந்த சரக்கு அது.

செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள், நடக்கும்போது மேல்பகுதியை இடுப்பு வரைக்கும் சுருட்டி விட்டுக்குங்க, உள்ள காட்டன் பேன்ட், காட்டன் சாக்ஸ் வேண்டவே வேணாம், பாலியஸ்டரோ கம்பளியோ போடுங்க. காட்டன் வேர்வையைக் குடிச்சு வெச்சுக்கும், விடவே விடாது.

இன்னும் சந்தேகமா இருந்தா ஒரு சோதனை. வேடரை ராத்திரி முழுக்கக் காய வெச்சு, மறுநாள் உள்ள உலர்ந்த, நனைஞ்சா நிறம் மாறித் தெரியற வெளிர் நிற பேன்ட் போட்டுக்கிட்டு, நிழலா இருக்கற இடத்துல தொடை ஆழத்துல பத்து பதினஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க. நடக்கக்கூடாது, வேர்க்க விடக்கூடாது. வெளிய வந்து கழட்டினதும் பேன்ட்ல எங்க ஈரப்பொட்டு இருக்கோ அந்த உயரத்துலதான் ஓட்டை, இல்ல அதுக்குக் கொஞ்சம் மேல, ஏன்னா தண்ணி கீழ வடிஞ்சிருக்கும்.

சரி, ஓட்டைதான். எங்கன்னு கண்டுபிடிக்க முடியல

சவ்வு வெச்ச வேடருக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வழிதான் எனக்குத் தெரிஞ்சு பெஸ்ட். வேடரை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, சந்தேகப்படற இடத்துல ஆல்கஹாலை ஸ்ப்ரே பண்ணுங்க. நல்ல இடத்துல அது மேலோட்டமா நிக்கும், ஓட்டை இருக்கற இடத்துல உள்ள இறங்கி கருப்பா ஒரு பொட்டு தெரியும், ஊசி முனை ஓட்டைக்குக் கூட காசு அளவுக்குப் பொட்டு வரும். தெரிஞ்ச உடனே பேனாவால வட்டம் போட்டுடுங்க, ஆல்கஹால் காஞ்சதும் பொட்டும் போயிடும். காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க, பக்கத்துல நெருப்பு இருக்கக்கூடாது.

வேடரோட அடியில ஒட்டியிருக்கற நியோப்ரீன் பாதத்துக்கு இது வேலைக்கு ஆகாது. அதுக்கு சைக்கிள் ட்யூப் பஞ்சர் பாக்கற வித்தைதான், காலை மேல சுருட்டிக்கிட்டே வந்து காத்தை பாதத்துக்குள்ள அமுக்கி, வெளிய சோப்புத் தண்ணி தடவினா குமிழ் வரும். அடுத்து பாக்க வேண்டிய இடம், தொடை ரெண்டும் சேர்ற தையல், ரெண்டு முழங்காலும் உரசற உள்பக்கம், துணியும் நியோப்ரீனும் சேர்ற கணுக்கால் விளிம்பு. முன்னாடி ஜிப் வெச்ச மாடலா இருந்தா ஜிப்பை முதல்ல பாருங்க, தண்ணி புகாத ஜிப் கடைசிப் பல்லு வரைக்கும் போய் அந்த முட்டுல டைட்டா உக்காரணும், ஒரு சின்ன இடைவெளி விட்டாலும் தண்ணி தாராளமா வரும். அது கோளாறு இல்ல, நம்ம அவசரம்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். வேடர் புதுசு, தையல் மேல ஒட்டின டேப்பே பிரிஞ்சு நிக்குதுன்னா கைய வெக்காதீங்க, போட்டோ எடுத்துட்டு அப்படியே திருப்பிக் குடுங்க. நீங்களா பசை தடவிட்டா அப்புறம் வாரன்டி பேசறது கஷ்டம். முள்ளு, கம்பி கிழிச்ச ஓட்டைன்னா மட்டும் நீங்களே அடைக்கலாம், அந்த இடத்தை ஆல்கஹால் போட்டுத் துடைச்சு நல்லா காய விட்டு, யூரித்தேன் பசையை ஓட்டையைச் சுத்தி அரை சென்டிமீட்டர் தாண்டி மெல்லிசா தடவி, ராத்திரி முழுக்க விட்டுடுங்க. ஆத்தங்கரையிலயே அடைக்கணும்னா வெயில் பட்டா இறுகற யூவி பசை இருக்கு, சில நிமிஷத்துல இறுகிடும். ஒரு சின்ன ட்யூப் பையில கிடக்கட்டும்.

வெளித்துணி கருத்துப்போய் கனமா இருக்கு, ஆனா உள்ள ஈரம் இல்ல

லீக் இல்ல. வெளித்துணி மேல தண்ணி உருண்டு ஓடற மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அழுக்கு சேந்தா அது வேலை செய்யாது. அதுக்கான வாஷ் போட்டு அலசி, லேபிள்ல எவ்வளவு சூடு சொல்லியிருக்கோ அவ்வளவு சூடு காட்டினா பூச்சு திரும்ப எழுந்துக்கும். அப்படியும் வரலன்னா புதுசா ஸ்ப்ரே அடிக்கணும். விட்டுட்டீங்கன்னா துணி ஊறிக்கிட்டு ஆவி வெளிய போக வழி இல்லாம உள்ள வேர்வை ஜாஸ்தியாகும், அப்ப மறுபடி முதல் கோளாறுல வந்து நிப்பீங்க.

குனிஞ்சா இழுக்குது, முட்டியில சுருக்கு விழுது

இதை வீட்லயே, டேக் பிச்சு எறியறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும். உள்ள போடப்போற துணியோட சேத்து வேடரை மாட்டிக்கிட்டு முழுசா குந்தி உக்காருங்க, ஒரு காலை நாற்காலி மேல தூக்கி வைங்க. தொடை இடுக்குல இழுத்தா கால் நீளம் பத்தல, ரெண்டு மாசத்துல அந்தத் தையல் வாயைப் பொளக்கும். முட்டிக்குக் கீழ துணி மடிஞ்சு மடிஞ்சு தொங்கினா நீளம் அதிகம், மடிப்பு ஒண்ணோடொண்ணு உரசி அங்க ஓட்டை விழும். தோள் பட்டையை டைட் பண்ணி சமாளிக்கலாம்னு நினைக்கறது கொஞ்ச நாளைக்குத்தான், சைஸை மாத்திடுங்க.

கால் விரல் மரத்துப்போகுது

எல்லாரும் பண்ற தப்பு, குளிருதுன்னு இன்னொரு சாக்ஸ் போடறது. பூட்ஸுக்குள்ள நியோப்ரீன் பாதம், அதுக்குள்ள கனமான சாக்ஸ், அதுக்குள்ள இன்னொண்ணுன்னு அடைச்சா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் குளிரும். விரலை பூட்ஸுக்குள்ள ஆட்ட முடியணும், முடியலன்னா சாக்ஸைக் குறைங்க, இல்ல பூட்ஸ் ஒரு சைஸ் ஏத்துங்க. சில கம்பெனி நியோப்ரீனுக்கு இடம் விட்டே சைஸ் போடறாங்க, சிலது இல்ல, அதனால நம்பரை நம்பாம வேடர் பாதத்தோட போட்டுப் பாத்துத்தான் வாங்கணும். பாதத்துல கல்லு குத்தினா வேடரோட கணுக்கால் உறையை பூட்ஸ் மேல இழுத்து அதோட கொக்கியை லேஸ்ல மாட்டினீங்களான்னு பாருங்க. அது அழகுக்கு இல்ல, பொடிக்கல்லு உள்ள போய் நியோப்ரீனை அரைக்காம இருக்கத்தான்.

பாறையில வழுக்குது

ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க. இந்தப் பகுதியை மட்டும் ஓடிப் படிக்காதீங்க.

ரப்பர் அடிப்பகுதி பூட்ஸ் கரையில, சேத்துல, புல்லுல நல்லா நிக்கும், பாசி பிடிச்ச பாறையில தனியா நிக்காது, அதுல ஸ்டட் எனும் உலோக ஆணிகளைத் திருகிப் போட்டாத்தான் பிடிக்கும். ஃபெல்ட் (அழுத்திச் செஞ்ச தடிமனான துணி) அடிப்பகுதி பாசிப் பாறையில பிரமாதம், சேத்து மேட்டுல ஏறும்போது சறுக்கு மரம். ஆனா ஃபெல்ட் காயறதுக்கு நாள் கணக்காகும், அதுல ஒட்டிக்கிட்டு ஒரு ஆத்துப் பாசியும் கிருமியும் அடுத்த ஆத்துக்குப் போயிடுதுன்னு நியூசிலாந்து 2008-லயே தடை பண்ணிட்டாங்க, அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுல 2018-ல இருந்து தடை. போற இடத்துல என்ன விதின்னு பாக்காம ஃபெல்ட் வாங்காதீங்க. ஸ்டட் போட்டுட்டு இன்னொருத்தர் போட்ல ஏறாதீங்க, அடித்தளத்தைக் கீறி விட்டுட்டு நட்பையும் இழப்பீங்க.

சரியான பூட்ஸ் போட்டும் வழுக்குதுன்னா நடையைப் பாருங்க. ஒரு காலை ஊன்றி நிலைச்ச பிறகுதான் அடுத்த கால், தூக்கி வைக்காம தரையைத் தடவிக்கிட்டே நகத்தணும், உடம்பை நீரோட்டத்துக்குப் பக்கவாட்டா திருப்பிக்கணும், கையில ஒரு கோல் இருந்தா மேல்நீர்ப் பக்கம் ஊன்றணும்.

இடுப்பு பெல்ட் டைட்டா கட்டாம இறங்கவே கூடாது. "வேடர்ல தண்ணி நிறைஞ்சா கீழ இழுத்துட்டுப் போயிடும்"னு சொல்வாங்க, அது அப்படியே உண்மை இல்ல, உள்ள இருக்கறதும் தண்ணி வெளிய இருக்கறதும் தண்ணி, அதுக்குள்ள எடை தெரியாது. ஆனா நீந்தறதும் எழுந்திருக்கறதும் ரொம்ப கஷ்டம், கரையேறும்போது அந்தத் தண்ணி மொத்தமும் உங்க கால்ல தொங்கும். பெல்ட் அந்தத் தண்ணி சட்டுனு உள்ள போறதைக் குறைக்கும். ஓடற தண்ணில விழுந்துட்டா மல்லாந்து, கால் ரெண்டும் கீழ்நீர்ப் பக்கம் நீட்டி, மிதந்துக்கிட்டே கரைப்பக்கம் தள்ளிக்கிட்டு வாங்க, வேகமா ஓடற இடத்துல எழுந்து நிக்க முயற்சி பண்ணாதீங்க, பாறை இடுக்குல கால் மாட்டிக்கும்.

லைன் போகவே மாட்டேங்குது

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதை இங்கதான் அதிகம், ஆனா நிஜமாவே கூடம் கோணலா இருக்கறதும் உண்டு. அதனால கையைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க.

ராட் வளையங்கள்ல ஒண்ணை விட்டுட்டு லைனைக் கோத்திருக்கீங்களா, இல்ல ரெண்டு வளையத்துக்கு நடுவுல ராட்டைச் சுத்தி வந்திருக்கா? சிரிக்காதீங்க, இருட்டுல அவசரமா கோக்கும்போது எல்லாருக்கும் நடக்கும். லீடர் நுனியைக் கோக்காம லைனையே ரெண்டா மடிச்சு அந்த மடிப்பைக் கோத்தீங்கன்னா கண்ணுக்கும் நல்லா தெரியும், கை நழுவினாலும் மொத்தமா கீழ ஓடாது.

அடுத்து, லைன் தலைகீழா ஏறியிருக்கா? இது என் கதை. வெயிட் ஃபார்வர்டு லைன்ல கனமான பகுதி முன்னாடி முப்பது நாப்பது அடிக்குள்ள இருக்கும், மீதி எல்லாம் மெல்லிசு. ரீல் பக்கம் போக வேண்டிய முனையில ஸ்டிக்கரே ஒட்டியிருப்பாங்க, அதைப் பிச்சுப் போட்டுட்டு நான் திருப்பிச் சுத்திட்டேன், கனம் எல்லாம் ரீலுக்குள்ள தூங்குது, வெளிய நான் நூலை வீசிக்கிட்டிருக்கேன்.

அடுத்து நம்பர். ராட் மேல 5 போட்டிருந்தா லைனும் 5-ஆ இருக்கணும். 5-ம் நம்பர் லைன்னா முதல் 30 அடியோட எடை 140 கிரெயின், கிட்டத்தட்ட 9 கிராம்ங்கறதுதான் பொது அளவு, 6-ம் நம்பருக்கு 160, 8-ம் நம்பருக்கு 210. இந்த எடைதான் ராட்டை வளைக்குது, ஃப்ளைக்கு எடைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. இப்ப வர்ற நிறைய லைன் இந்த அளவை விட அரை நம்பர், ஒரு நம்பர் கனமா வருது, பெட்டி மேல கிரெயின் கணக்கு இருக்கும், பாருங்க. ராட் கையில ஒண்ணுமே தெரியாம கட்டை மாதிரி இருந்தா லைன் லேசு, நொய்யுன்னு தொங்கினா கனம்.

லைன் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு வருதுன்னா பெட்டியில இருந்த சுருளோட ஞாபகம் இன்னும் போகல. கை அகலம் கை அகலமா பிடிச்சு மெதுவா இழுத்து விட்டுக்கிட்டே வாங்க, சரியாகும். வெப்பமான கடலுக்குன்னு செஞ்ச லைனைக் குளிர்ந்த ஆத்துல போட்டா இழுத்தாலும் கம்பி மாதிரிதான் நிக்கும், அது லைன் தப்பு இல்ல, தேர்வு தப்பு. சன்ஸ்கிரீனும் டீட் கலந்த கொசு மருந்தும் தடவின கையால லைனைத் தொடாதீங்க, மேல்பூச்சு கெட்டு வெடிக்கும்.

இது எல்லாம் சரின்னா, இப்ப கை. பின்னாடி வீசும்போது சாட்டை மாதிரி 'டப்'னு சத்தம் வந்தா லைன் பின்னாடி நீளறதுக்குள்ள முன்னாடி வீசிட்டீங்க, ஃப்ளையும் அறுந்து போயிருக்கும், பாருங்க. பின்னாடி புல்லுல மாட்டுதுன்னா மணிக்கட்டை மடக்கி ராட்டைப் படுக்க வெச்சுட்டீங்க. லீடர்ல நீங்க போடாத முடிச்சு தானா விழுதுன்னா அதுக்கு காத்து மேல பழி போடுவோம், பெரும்பாலும் முன்வீச்சுல திடீர்னு பலத்தைக் காட்டினதுதான் காரணம். மெதுவா ஆரம்பிச்சு கடைசியில வேகம் கூட்டி டக்குனு நிறுத்துங்க. இதுக்கு ஆறு தேவையே இல்ல, புல்தரை போதும், ஃப்ளைக்குப் பதிலா ஒரு துண்டு கம்பளி நூல் கட்டிக்குங்க. சிமென்ட் தரையில வேணாம், லைனை அரைச்சுடும்.

ராட் ஆடுது, இல்ல பிரிக்க முடியல

துண்டு துண்டா இருக்கற ராட்டைச் சேக்கும்போது வளையங்களைக் கொஞ்சம் விலக்கி வெச்சு உள்ள தள்ளிக்கிட்டே திருகி நேராக்குங்க. நேரா சொருகினா வீச வீச லூஸாகும், லூஸான இணைப்புலதான் ராட் உடையும். மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பாத்துக்குங்க. மாட்டிக்கிச்சுன்னா வளையத்தைப் பிடிச்சுத் திருகாதீங்க, பிய்ஞ்சுக்கும். ராட்டை முட்டிக்குப் பின்னாடி குறுக்கா வெச்சு, ரெண்டு பக்கமும் பிடிச்சு, முட்டியை விரிச்சுக்கிட்டே நேரா இழுங்க. கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும், மின்கம்பிக்குக் கீழயும் இடி இடிக்கும்போதும் தூக்கவே தூக்காதீங்க.

ரீல் இழுத்தா ஈசியா வருது, சுத்தினா டைட்டா இருக்கு

டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ரீலைப் பிடிச்சு வெக்கற பிரேக், தலைகீழா இருக்கு. ரீல் எந்தக் கையால சுத்தறதுக்கு செட் பண்ணியிருக்கோ அதுக்கு எதிர்ப்பக்கம் நீங்க லைனைச் சுத்தியிருக்கீங்க. பெரும்பாலான ரீல்ல உள்ள ஒரு பேரிங்கைத் திருப்பிப் போட்டா மாறிடும், அந்த ரீலோட பேப்பரைப் பாருங்க. சட்டுனு இழுத்தா ஸ்பூல் (ரீல்ல லைன் சுத்தியிருக்கற உருளை) ஓடி லைன் குருவிக்கூடு ஆகுதுன்னா டிராக் ரொம்ப லூஸ், ஒரு துளி ஏத்துங்க. லைன் மொத்தமும் ஸ்பூல் மேல சும்மா சுழலுதுன்னா அடியில இருக்கற பேக்கிங் (லைனுக்கு முன்னாடி ஸ்பூல்ல சுத்தற நூல்) முடிச்சு வழுக்குது, எல்லாத்தையும் அவுத்து மறுபடி கட்டறதைத் தவிர வழி இல்ல.

மீன் கடிச்சதும் அறுந்து போகுது

அறுந்த நுனியைப் பாருங்க, அதுவே சொல்லும். பன்னிவால் மாதிரி சுருண்டிருந்தா முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கு. நேரா வெட்டின மாதிரி இருந்தா பாறையோ பல்லோ. நடுவுல அறுந்திருந்தா தானா விழுந்த முடிச்சு ஒண்ணு அங்க இருந்திருக்கும், அது டிப்பெட்டோட (ஃப்ளையைக் கட்டற, லீடரோட கடைசி மெல்லிசு நூல்) பலத்துல பாதியைத் தின்னுடும். முடிச்சை இறுக்கும்போது எச்சில் தொட்டு நனைச்சு மெதுவா இழுங்க, காஞ்ச முடிச்சு சூடாகி நைலான் கெட்டுப்போகும்.

டிப்பெட் தடிமனும் பாருங்க. அதோட தடிமனைச் சொல்றதுதான் எக்ஸ் நம்பர், 11-ல இருந்து அந்த எக்ஸ் நம்பரைக் கழிச்சா ஆயிரத்துல ஒரு பங்கு அங்குலத்துல தடிமன் வரும், 5 எக்ஸ்னா 6, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். ஃப்ளை சைஸை மூணால வகுத்தா எந்த எக்ஸ்னு கிட்டத்தட்ட தெரிஞ்சுடும், 16-ம் நம்பர் ஃப்ளைக்கு 5 எக்ஸ். பெரிய ஃப்ளைக்கு ரொம்ப மெல்லிசு போட்டா அறுந்துடும், சின்ன ஃப்ளைக்குத் தடிமன் போட்டா அது தண்ணில குச்சி மாதிரி நகரும், மீன் கிட்டயே வராது.

மிதக்க வேண்டிய ஃப்ளை முழுகுது

மிதக்க வைக்கற ஜெல்லை ஃப்ளை நனையறதுக்கு முன்னாடி தடவணும், நனைஞ்ச பிறகு தடவினா தண்ணியை உள்ள பூட்டி வெச்ச மாதிரி. நனைஞ்சுட்டா துணியில ஒத்தி, உலர்த்தற பவுடர்ல போட்டு ஆட்டுங்க. வாத்து இறகுல செஞ்ச சிடிசி ஃப்ளைக்கு ஜெல் கூடவே கூடாது, இறகு ஒட்டிக்கும், பவுடர் மட்டும்தான்.

மறுநாள் பெட்டியைத் திறந்தா நாறுது

ஈரத்தோட சுருட்டி வெச்சிருக்கீங்க. வெளிப்பக்கம் காஞ்சதும் உள்பக்கம் திருப்பி அதையும் நிழல்ல காய வைங்க, நியோப்ரீன் பாதம்தான் கடைசியா காயும், உள்ள விரலை விட்டுத் தொட்டுப் பாத்து உலர்ந்துடுச்சான்னு உறுதி பண்ணுங்க. வேற ஆத்துக்குப் போறதா இருந்தா அதுக்கு முன்னாடி பூட்ஸ் சேறு, பாசி எல்லாம் தேச்சுக் கழுவி முழுசா காய்ஞ்சிருக்கணும். ராட்டை ஈரத்தோட குழாய்க்குள்ள போட்டு மூடாதீங்க, பூச்சு கொப்பளிக்கும். ரீல் டிராக்கை முழுசா லூஸ் பண்ணி வெச்சுடுங்க, அடுத்த தடவை இறங்கும்போது மறுபடி டைட் பண்ண மறந்துடாதீங்க, நான் மறந்திருக்கேன்.